இறங்கிய விலை எங்கே போனது?

ஒரு பீப்பாய் என்பது 159 லிட்டர். 2014 ஜூனில் இந்தியா வாங்கிய கச்சா எண்ணெய் பீப்பாய் 109 டாலர் அளவில் இருந்தது. டாலர் சுமார் 60 ரூபாய். கணக்குப் போட்டால் லிட்டருக்கு 41 ரூபாய் வருகிறது. 2016 ஜனவரியில் அதே பீப்பாய் 28 டாலருக்கு விழுந்தது. டாலர் 67 ரூபாயாக ஏறியும் லிட்டர் 12 ரூபாய்தான். ஆக, கச்சா எண்ணெயில் குறைந்தது 29 ரூபாய். டெல்லி பங்க்கில் பெட்ரோலோ 71 ரூபாய் சொச்சத்திலிருந்து 59 ரூபாய் சொச்சத்துக்கு, அதாவது 12 ரூபாய்தான் இறங்கியது. நடுவில் நின்ற பணத்தில் பெரும்பங்கு கலால் வரி. 2014 நவம்பர் தொடங்கி 2016 ஜனவரிக்குள் ஒன்பது தவணைகளில் 9.48 ரூபாய் வரி 21.48 ஆனது. எண்ணெய் விலை ஏறினால் வளர்ச்சி குறையும், இறங்கினால் கூடும் என்ற வாய்பாடு இந்த இடத்தில்தான் தடுமாறுகிறது. விலை எவ்வளவு மாறியது என்பதோடு, அந்த வித்தியாசத்தை யார் சுமந்தார்கள், யார் வைத்துக்கொண்டார்கள் என்பதையும் கேட்க வேண்டியிருக்கிறது.

ஏற்றத்தின் பாதை எல்லோருக்கும் தெரிந்ததே. தேவையில் 85 சதவீதத்துக்கும் மேல் வெளியிலிருந்து வாங்கும் நாடு இது. பீப்பாய்க்கு 10 டாலர் கூடினால் வளர்ச்சியில் 0.2 முதல் 0.3 சதவீதப் புள்ளி குறையும், நடப்புக் கணக்கில் 9 முதல் 10 பில்லியன் டாலர் கூடுதலாகத் துண்டு விழும் என்று 2017-18 பொருளாதார ஆய்வறிக்கை கணக்கிட்டது. லாரிக்காரரிடம் இந்தச் சுமை வேறு உருவில் வந்து சேர்கிறது. வாடகை பேசிச் சரக்கு ஏற்றியாகிவிட்டது. வழியில் டீசல் ஏறினால் அந்த நடைக்குக் கைநட்டம். அடுத்த நடையில் வாடகையை உயர்த்துவார், வெங்காயத்தின் விலையும் சேர்ந்து ஏறும். டீசல் இறங்கும்போது வாடகை அவ்வளவு சுறுசுறுப்பாக இறங்குவதில்லை.

அப்படியானால் விலையை அரசே தாங்கிப் பிடித்தால் என்ன? பிடித்துப் பார்த்தாயிற்று. 2012-13இல் எண்ணெய் நிறுவனங்கள் அடக்கவிலைக்குக் குறைத்து விற்றதால் விட்ட தொகை சுமார் 1.61 லட்சம் கோடி ரூபாய். அதே ஆண்டில் நடப்புக் கணக்குப் பற்றாக்குறை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 4.8 சதவீதத்தைத் தொட்டது. விலை உறைக்காததால் உபயோகம் குறையவில்லை, டாலர் வெளியே போய்க்கொண்டே இருந்தது. 2013 ஆகஸ்டில் ரூபாய் 69-ஐ நெருங்கியதற்கு இது மட்டும் காரணமல்ல. ஆனால் இதை விட்டுவிட்டு அந்தக் கதையைச் சொல்ல முடியாது.

வரியை ஆதரிப்பவர்களின் வாதம் இன்னும் கனமானது. நிதிப் பற்றாக்குறை 2013-14இன் 4.5 சதவீதத்திலிருந்து 2015-16இல் 3.9 ஆனது, சாலைகளுக்குப் பணம் கிடைத்தது, வளர்ச்சியும் 8 சதவீதம் வந்ததே என்பார்கள். உண்மைதான். மலிவான காலத்தில் கொஞ்சம் சேர்த்து வைப்பது விவேகம் என்றே நானும் நினைக்கிறேன். சேர்த்தது மழைக்காலத்துக்கான குடையாக இருந்தால் சரி. ஆனால் அது மாதச் சம்பளம்போல் ஆகிவிட்டது. பெட்ரோலியப் பொருள்களில் மத்திய கலால் வரி 2014-15இல் ஏறக்குறைய 1 லட்சம் கோடி. 2020-21இல் சுமார் 3.7 லட்சம் கோடி. பொதுமுடக்கத்தில் கச்சா விலை சரிந்தபோது, 2020 மே மாதத்தில் ஒரே அறிவிப்பில் பெட்ரோலுக்கு 10, டீசலுக்கு 13 ரூபாய் ஏற்றினார்கள். 2021இல் உலகச் சந்தை மீண்டும் ஏறியது. பல நகரங்களில் பெட்ரோல் 100 ரூபாயைத் தாண்டியது. வேலையிழப்பிலிருந்து எழுந்துகொண்டிருந்த குடும்பங்கள் துணிமணியையும் மளிகையையும் சுருக்கி வண்டிக்குப் போட்டன. அன்று ஒரு லிட்டர் பெட்ரோலில் மத்திய வரி மட்டும் 32.90 ரூபாய். அதில் முதல் 5 ரூபாயைக் குறைக்கும் அறிவிப்பு வந்தது அந்த ஆண்டு நவம்பரில், தீபாவளிக்கு முந்தைய நாள்.