கரடியை விட ஆறு பொல்லாதது!

"அப்பா, அம்மா... இந்த ஜூன்ல ரெண்டு பேரும் கிளம்பி வந்துடுங்க. கிங்ஸ் கேன்யன்ல ஆத்தங்கரையில டென்ட் போட்டு மூணு நாள் தங்கப் போறோம்!"

கலிபோர்னியாவில் வேலை பார்க்கும் பிள்ளையோ பெண்ணோ போனில் இப்படிச் சொன்னதும், இங்கே வீட்டில் கிளம்பும் முதல் கேள்வி என்ன தெரியுமா?

"அங்கே கரடி இருக்குமாமே?"

இருக்கும். ஆனால் அந்தக் கரடியோடு சமாளிக்க வழி இருக்கிறது. அதைப் பிறகு பார்ப்போம். நீங்கள் முதலில் கவலைப்பட வேண்டியது, டென்ட்டுக்குப் பக்கத்திலேயே சலசலவென்று அழகாக ஓடிக்கொண்டிருக்கும் ஆற்றைப் பற்றி! அந்தப் பகுதியில் நடக்கும் மரணங்களுக்கு முக்கியமான காரணங்களில் ஒன்று, தண்ணீரில் மூழ்குவதுதான்.

எப்படிப்பட்ட இடம் அது?

கேன்யன் என்றால் இருபுறமும் மலைச்சுவர் செங்குத்தாக எழும்ப, நடுவே ஆறு ஓடும் ஆழமான பள்ளத்தாக்கு. சியாரா நெவாடா மலைத்தொடரில் உள்ள கிங்ஸ் கேன்யனை ஆறும், ஆதிகாலத்துப் பனியாறுகளும் சேர்ந்து குடைந்திருக்கின்றன. 1940-ல் இது தேசியப் பூங்காவானது. பள்ளத்தாக்கின் அடியில் 'சீடர் குரோவ்' என்ற இடத்தில், பைன், சீடர், ஓக் மரங்களுக்கு நடுவே, ஆற்றை ஒட்டி நான்கு கேம்ப் கிரவுண்டுகள் இருக்கின்றன.

உயரம் சுமார் 4,600 அடி. நம் ஏற்காட்டை விடக் கொஞ்சம் குறைவுதான். எனவே 'மூச்சு வாங்குமோ, தலை சுற்றுமோ' என்று உயரத்தை நினைத்துப் பயப்பட வேண்டியதில்லை. குளிர்காலத்தில் அங்கே போகும் சாலையை மூடிவிடுவார்கள். செல்போன் சிக்னல் கிடைக்கும் என்று நம்பிப் போகக்கூடாது. இதை நன்றாக நினைவில் வையுங்கள்!

வெயில் சுடும்... தண்ணீர் உறையும்!

ஜூன் மாதப் பகலில் அங்கே நல்ல வெயில் அடிக்கும். வியர்த்துக் கொட்டும். பக்கத்திலேயே கண்ணாடி போலத் தண்ணீர். 'ஒரு முழுக்கு போடலாமே' என்று யாருக்குத்தான் தோன்றாது?

ஆனால் அந்தத் தண்ணீர் சற்று முன்புவரை மலையுச்சியில் பனியாகக் கிடந்தது. மே, ஜூன் மாதங்களில் பனி வேகமாக உருகுவதால், ஆறு மிகவும் வேகமாகவும் மிகவும் குளிர்ச்சியாகவும் ஓடும் நேரமே அதுதான். வெயில் ஏற ஏற ஆற்றில் நீரும் ஏறும். பகலில் உருகிய பனி வந்து சேரச் சில மணி நேரம் ஆவதால், காலையில் எட்டு வைத்துக் கடந்த பாறை, மாலையில் தண்ணீருக்கு அடியில் போயிருக்கலாம்.

குளிர்ந்த நீரில் திடீரென்று விழுந்தால் உடம்புக்குள் என்ன நடக்கிறது?

விழுந்த அந்த நொடியே, நம் விருப்பத்தைக் கேட்காமல் வாய் திறந்து மூச்சை உள்ளே இழுக்கும். அந்த நேரம் தலை தண்ணீருக்குள் இருந்தால் நுரையீரலுக்குள் போவது தண்ணீர்தான். தொடர்ந்து மூச்சு இரைக்கும். இதயம் படபடக்கும். ரத்த அழுத்தம் சட்டென்று எகிறும். இதய நோயும் பி.பி.யும் உள்ளவர்களுக்கு இந்த ஒரு அதிர்ச்சியே ஆபத்தாகிவிடலாம்.

கனடாவில் மனிடோபா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்டன் கீஸ்பிரெக்ட் என்ற ஆராய்ச்சியாளர் இதை '1-10-1' என்று சுலபமாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர 1 நிமிடம். கை, கால்கள் சொன்னபடி கேட்பது சுமார் 10 நிமிடம். குளிரால் நினைவு தப்ப சுமார் 1 மணி நேரம். உறைநிலைக்கு அருகில் உள்ள நீருக்கான கணக்கு இது.

"எனக்கு நல்லா நீச்சல் தெரியுமே!" என்கிறீர்களா? நீச்சல் என்பது கை, காலின் வேலை. பத்து நிமிடத்தில் கை மரத்துப்போனால் கிணற்றில் கற்ற நீச்சலும் உதவாது. தவிர, ஓடும் நீரின் பலமே வேறு. வேகமாக ஓடும் வெறும் 6 அங்குல நீர், பெரிய ஆளையே சாய்த்துவிடும். 2 அடி இருந்தால் பெரும்பாலான கார்களை இழுத்துக்கொண்டு போய்விடும்!

இன்னொரு விஷயம். இப்படிப்பட்ட ஆறுகளில் உயிரை விடுகிறவர்கள் எல்லோரும் குளிக்க இறங்கியவர்கள் இல்லை. போட்டோ எடுக்கவும், கால் நனைக்கவும் பாறையில் ஏறி, வழுக்கி விழுந்தவர்களும் நிறைய. கிரானைட் பாறை நீர் பட்டுப் பட்டு வழுவழுப்பாகியிருக்கும். செருப்புக் காலோடு அதில் ஏறவே ஏறாதீர்கள்.

விழுந்துவிட்டால்?

எழுந்து நிற்க முயற்சிக்கக் கூடாது! இதுதான் முதல் பாடம். பாதம் பாறை இடுக்கில் சிக்கிக்கொண்டால், நீரின் வேகம் ஆளை முன்னால் தள்ளித் தலையை அமுக்கிவிடும். மல்லாந்து படுங்கள். கால்கள் நீர் ஓடும் திசையில் முன்னால் இருக்கட்டும். கால் விரல்கள் நீருக்கு மேலே தெரியட்டும். மூச்சு நிதானமானதும் கைகளைத் துழாவி, ஓரமாகச் சாய்வாக ஒதுங்குங்கள்.

வேறு யாராவது விழுந்தால்? கூடவே குதிக்காதீர்கள். காப்பாற்றப் போனவரும் சேர்ந்து போய்விடுவார். கயிறு, நீளக் கம்பு, மூடி போட்ட காலித் தண்ணீர் கேன் என்று எது கைக்குக் கிடைக்கிறதோ அதை நீட்டுங்கள் அல்லது வீசுங்கள். ஒருவர் ரேஞ்சரிடம் ஓடட்டும்.

பேரக் குழந்தைகள் ஆற்றங்கரைக்குப் போனால், நீங்கள் கை நீட்டினால் எட்டும் தூரத்தில்தான் இருக்க வேண்டும். 'பார்த்துக்கிட்டுதான் இருந்தேன்' என்பது போதாது.

மழை இங்கே இல்லை... வெள்ளம் இங்கே!

பனி உருகி வரும் நீராவது நாளும் நேரமும் பார்த்து ஏறும். இடிமழை வெள்ளம் அப்படி இல்லை. குறுகலான எந்த மலைப் பள்ளத்தாக்குக்கும் இது பொது.

1976 ஜூலை 31. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் பிக் தாம்சன் கேன்யன். மாநிலத்தின் நூற்றாண்டு விழாவை ஒட்டிய விடுமுறை. பள்ளத்தாக்கு முழுக்க சுற்றுலா வந்தவர்கள். மாலையில் மேல் பகுதியில் ஒரே இடத்தில் மேகம் நின்று, சில மணி நேரத்தில் சுமார் 12 அங்குல மழை கொட்டியது. கீழ்ப் பகுதியில் இருந்தவர்கள் பெரிய மழையைப் பார்க்கவே இல்லை. இருட்டில் திடீரென்று சுவர் போல வந்தது வெள்ளம். 144 பேர் இறந்தார்கள். காரில் ஏறிச் சாலை வழியே தப்பிக்கப் பார்த்தவர்கள் பலர் அதில் போனார்கள். சாலை ஆற்றை ஒட்டியே போகிறது. ஆறு காரை விட வேகமாக வந்தது!

அதன்பின் அந்த மாநிலத்தின் பள்ளத்தாக்குச் சாலைகளில் அறிவிப்புப் பலகைகள் வைத்தார்கள். அதில் இருக்கும் செய்தி ஒன்றே ஒன்றுதான்: 'வெள்ளம் வந்தால், மேலே ஏறுங்கள்.'

இருபது வருடம் கழித்து, 1996 ஆகஸ்ட் 7-ல் ஸ்பெயின் நாட்டின் பிரனீஸ் மலையில், பியெஸ்காஸ் என்ற ஊருக்கு அருகே கேம்ப் கிரவுண்டில் இதே கதை. மலை ஓடை ஒன்று மண்ணும் பாறையுமாகப் பெருகி வந்து கூடாரங்களை அடித்துப் போனது. 87 பேர் பலியானார்கள்.

இதிலிருந்து நமக்கு என்ன பாடம்?

டென்ட் போட்டதும், அடுப்பு பற்ற வைப்பதற்கு முன்னால், 'ராத்திரியில் ஓட வேண்டி வந்தால் எந்தப் பக்கம் மேடு?' என்று வெளிச்சத்திலேயே பார்த்து வையுங்கள். வீட்டில் எல்லோரையும் ஒருமுறை அந்த வழியில் நடக்க வையுங்கள். டார்ச்சும் ஷூவும் தலைமாட்டில் இருக்கட்டும். தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ, இலையும் குச்சியும் மிதந்து வந்தாலோ, ஆற்றின் சத்தம் கூடினாலோ, மேல்பக்கம் வானம் இருண்டாலோ... சாமானை அள்ள வேண்டாம், கார் சாவியைத் தேட வேண்டாம். நடந்து மேலே ஏறுங்கள். முட்டி வலிக்காரரை இளையவர் ஒருவர் கையோடு பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

தெளிந்த நீர் எல்லாம் குடிநீரா?

'மலைத் தண்ணி, மூலிகைத் தண்ணி' என்று ஆற்று நீரைக் கையில் அள்ளிக் குடிக்காதீர்கள். பளிங்கு போல இருந்தாலும் ஜியார்டியா என்ற கண்ணுக்குத் தெரியாத கிருமி அதில் இருக்கலாம். குடித்த அன்று ஒன்றும் தெரியாது. ஒரு வாரம், இரண்டு வாரம் கழித்து வயிற்றுப்போக்கு, வயிற்று உப்புசம், நாற்றமடிக்கும் ஏப்பம் என்று ஆரம்பிக்கும். கேம்ப் கிரவுண்டில் குழாய்த் தண்ணீர் உண்டு; அது போதும். ஆற்று நீர்தான் கதி என்றால், தளதளவென்று கொதிக்க ஆரம்பித்த பின் 1 நிமிடம் கொதிக்க வையுங்கள். 6,500 அடிக்கு மேலே போனால் 3 நிமிடம்.

இப்போது கரடியார்!

கிங்ஸ் கேன்யனில் இருப்பது கருங்கரடி. அது தேடி வருவது உங்களை இல்லை, உங்கள் புளியோதரையை! அதனால்தான் ஒவ்வொரு டென்ட் இடத்திலும் இரும்புப் பெட்டி ஒன்று வைத்திருக்கிறார்கள். சாப்பாடு மட்டும் இல்லை; வாசனை வரும் எல்லாமே அதற்குள் போக வேண்டும். ஊறுகாய், தேங்காய் எண்ணெய், சோப்பு, டூத் பேஸ்ட், பவுடர், பாட்டியின் தைல பாட்டில் உட்பட! டென்ட்டுக்குள்ளும் காருக்குள்ளும் முறுக்குப் பொட்டலம்கூட இருக்கக்கூடாது. கார் கதவைப் பிய்த்து உள்ளே போகும் பலம் கரடிக்கு உண்டு.

சர்க்கரை நோயாளிகள் கவனிக்க!

மேலே சொன்ன விதியில் உங்களுக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. இரவில் 'லோ சுகர்' ஆனால் எடுத்துக்கொள்ள வேண்டிய குளுக்கோஸும் பெட்டிக்குள் போய்விடுமே? எனவே படுக்கும் முன் சுகரைப் பார்த்து, குறைவாக இருந்தால் சாப்பிட்டுவிட்டுப் படுங்கள். பகலில் நிறைய நடந்த அன்று இரவு சுகர் இறங்கலாம் என்பதை மறக்காதீர்கள். அந்தப் பெட்டியின் தாழ்ப்பாள் கரடிக்குத் திறக்க வராதபடி செய்தது. மனிதர்களுக்கும் கொஞ்சம் பழக வேண்டும். உங்கள் அருகில் படுப்பவர் இருட்டில் அதைத் திறந்து பழகியிருக்கட்டும்.

இன்சுலினை வெயிலில் நிறுத்திய காரில் விடாதீர்கள். ஐஸ் பெட்டியில் ஐஸ் மீது நேரடியாகவும் வைக்காதீர்கள். உறைந்த இன்சுலின் உதவாது.

இரவில் குளிர் நன்றாகவே இறங்கும். நெருப்பு மூட்டிச் சுற்றி உட்காருவது சுகம்தான். ஆனால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் காலை நெருப்புப் பக்கம் நீட்டக் கூடாது. சுடுவது தெரியாமலே கொப்புளம் வந்துவிடும். கம்பளிச் சாக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். குளிர் கீழிருந்துதான் ஏறும். எனவே ஸ்லீப்பிங் பேக்கின் அடியில் கனமான விரிப்பு அவசியம்.

ஒரு பெரிய எச்சரிக்கை: குளிருக்காக ஸ்டவ், கரி அடுப்பு எதையும் டென்ட்டுக்குள் கொண்டுபோகாதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும்.

புறப்படும் முன்...

* வழக்கமான மாத்திரைகளைத் தேவைக்கு மேல் இரண்டு நாளுக்குச் சேர்த்து எடுத்துப் போங்கள். மருந்துச் சீட்டின் நகலும் இருக்கட்டும்.

* ஆஸ்துமா உள்ளவர்கள் இன்ஹேலர் இல்லாமல் கிளம்பாதீர்கள். கோடையின் பிற்பகுதியில் காட்டுத்தீப் புகை சூழ்வது உண்டு.

* வானிலை அறிவிப்பை சிக்னல் இருக்கும் ஊரிலேயே பார்த்துவிடுங்கள். உள்ளே போனதும் ரேஞ்சரிடம் 'ஆறு எப்படி இருக்கிறது?' என்று கேளுங்கள். தினமும் கேளுங்கள்.

* பயண இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது, ஏற்கெனவே உள்ள நோய்களுக்கும் பொருந்துமா என்று கேட்டு எடுங்கள்.

* முடிந்தால் பயணத்தை ஆகஸ்ட் கடைசிக்கோ செப்டம்பருக்கோ தள்ளிப்போடச் சொல்லுங்கள். பனி உருகி முடிந்து ஆறு பெரும்பாலும் அடங்கியிருக்கும்.

இவ்வளவு படித்துவிட்டு, 'அப்போ போகவே வேண்டாமா?' என்று கேட்காதீர்கள். தாராளமாகப் போங்கள். பைன் மரக் காற்று, கைக்கு எட்டுகிற மாதிரி நட்சத்திரங்கள், பேரப்பிள்ளையோடு ஒரே போர்வைக்குள் கதை... இதெல்லாம் எந்த டானிக்கிலும் கிடைக்காது. ராத்திரி முழுக்க ஆறு தாலாட்டும். நன்றாகத் தூங்குங்கள். அந்தத் தாலாட்டில் திடீரென்று சுருதி மாறினால் மட்டும் யோசிக்காமல் எழுந்திருங்கள்... மேலே ஏறுங்கள்!