முதியோருக்குச் சிறுநீர்ப் பாதைத் தொற்று: ஆண்டிபயாட்டிக் எப்போது தேவை?

திருவனந்தபுரம்: நாட்டில் முதியோர் விகிதம் மிகுந்த மாநிலம் கேரளம். 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, அங்கு 60 வயதும் அதற்கு மேலும் ஆனோர் 12.6 சதவீதம், தேசிய அளவில் 8.6 சதவீதம். இந்த வயதினரை அடிக்கடி பாதிக்கும் நோய்களுள் ஒன்று சிறுநீர்ப் பாதைத் தொற்று.

காரணம் என்ன?

குடலில் இயல்பாக வாழும் இ.கோலை பாக்டீரியா சிறுநீர்ப் பாதைக்குள் நுழைவதே பெரும்பாலான தொற்றுகளுக்குக் காரணம். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் குறைவதால் இயற்கையான பாதுகாப்பு தளர்கிறது. ஆண்களுக்குப் புராஸ்டேட் சுரப்பி வீங்கினால் சிறுநீர் முழுவதும் வெளியேறாமல் தேங்குகிறது. நீரிழிவும் கதீட்டர் குழாயும் தொற்று அபாயத்தை அதிகரிக்கின்றன.

அறிகுறிகள்

சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், அடிக்கடி அவசரமாகச் சிறுநீர் கழிக்கும் உணர்வு, அடிவயிற்று வலி ஆகியவை முதன்மை அறிகுறிகள். முதியோரிடம் இவை தெளிவாகத் தெரியாமல், திடீர் மனக்குழப்பமோ சோர்வோ மட்டும் தோன்றலாம். ஆயினும் நீரிழப்பு, மலச்சிக்கல், மருந்துகளின் பக்கவிளைவு ஆகியவற்றாலும் மனக்குழப்பம் ஏற்படும் என்பதால், அதை மட்டும் வைத்துத் தொற்று என முடிவு செய்யக் கூடாது.

பாக்டீரியா இருந்தாலே நோயா?

அறிகுறி ஏதுமின்றிச் சிறுநீரில் பாக்டீரியா இருப்பது முதுமையில் சாதாரணம். சிறுநீர்ப் பாதை அறுவை சிகிச்சைக்கு முன்பு போன்ற சில சூழல்களைத் தவிர, இதற்கு ஆண்டிபயாட்டிக் தேவையில்லை என்பதே மருத்துவ வழிகாட்டுதல். தேவையின்றி உட்கொண்டால் பாக்டீரியா மருந்துக்கு எதிர்ப்பாற்றல் பெறும். பின்னர் உண்மையான தொற்று வரும்போது அதே மருந்து பலனளிக்காமல் போகலாம். எந்த மருந்து பலிக்கும் என்பதை யூரின் கல்ச்சர் பரிசோதனை காட்டும். அதன் முடிவு வர இரண்டு, மூன்று நாள்கள் ஆகலாம்.

இந்த ஆபத்தைக் கருதியே, நுண்ணுயிர் எதிர்ப்பாற்றலைக் கட்டுப்படுத்தும் செயல்திட்டத்தை 2018-இல் கேரள அரசு தொடங்கியது. மருத்துவரின் சீட்டின்றி ஆண்டிபயாட்டிக் விற்பதைத் தடுக்க, 2024 ஜனவரியில் 'ஆபரேஷன் அம்ரித்' என்ற பெயரில் மருந்துக் கடைகளில் திடீர் சோதனைகளும் தொடங்கப்பட்டன.

உடனே மருத்துவமனைக்கு

குளிர் நடுக்கத்துடன் காய்ச்சல், விலாப்புற வலி, வாந்தி ஆகியவை தொற்று சிறுநீரகத்துக்குப் பரவியதைக் குறிக்கலாம். காய்ச்சலுடன் மனக்குழப்பமோ மூச்சிரைப்போ இருந்தால், கிருமி ரத்தத்தில் கலந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அந்நிலையில் வீட்டில் மீதமுள்ள பழைய மாத்திரையைக் கொடுத்துக் காத்திருக்காமல், நோயாளியை உடனடியாக மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.