நெறி கட்டும்போது உள்ளே நடப்பது என்ன?

தோவாளைப் பக்கம் வயலில் இறங்குகிறவர் காலில் முள் தைக்கும். குளச்சல் கரையில் வலை இழுப்பவரின் பாதத்தைச் சிப்பி கிழிக்கும். ஓரிரு நாளில் தொடை இடுக்கில் கட்டியாக ஒன்று தட்டுப்படும். நெறி கட்டியிருக்கிறது என்போம். புண் பாதத்தில் இருக்க, இடுக்கு ஏன் வீங்க வேண்டும்? காலிலிருந்து ஏறும் நிணநீர் அங்குள்ள கணுக்களைக் கடந்துதான் மேலே போகிறது. கிருமியின் துணுக்கைச் சுமந்து வரும் காவல் செல்களும் அங்கேதான் வந்து சேர்கின்றன.

சவ்வில் பிறக்கும் கட்டளை

கணுவில் இருக்கும் டி செல்கள் என்னும் வெள்ளணுக்களில் அந்தக் கிருமியை இனம்காணக் கூடியவை லட்சத்தில் ஒன்று இருந்தாலே அதிகம். அது காவல் செல்லோடு ஒட்டியதும் முதலில் மாறுவது அதன் மேல்சவ்வு. சிதறிக் கிடந்த ஏற்பிகள் ஒட்டிய இடத்தில் திரள்கின்றன. சவ்வின் உட்புறக் கொழுப்பு மூலக்கூறுகள் இரண்டிரண்டாக உடைகின்றன. அதில் ஒரு துண்டு செல்லின் கால்சியம் சேமிப்பைத் திறந்துவிடுகிறது. உடனே சவ்வின் வாசல்களும் திறந்து வெளியிலிருந்தும் கால்சியம் பாய்கிறது. சேதி உட்கருவை எட்டுகிறது. துணைச் சமிக்ஞைகளும் கிடைத்துவிட்டால், செல் பருத்து, பிளந்து, சில நாளில் ஆயிரக்கணக்கில் பெருகுகிறது. புதிதாக வந்து குவியும் செல்களும் சேர, கணு வீங்குகிறது. பெரும்பாலும் அந்த வலி, உடல் வேலை செய்வதன் வலிதான்.

ராஜ்மா காட்டிய வழி

1960-இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஆய்வாளர் பீட்டர் நோவெல் ஒன்றைக் கண்டார். ராஜ்மா பயறிலிருந்து எடுத்த ஒரு புரதம் பட்டதும், இனிப் பெருகாது என்று கருதப்பட்ட ரத்த வெள்ளணுக்கள் பிளவுபடத் தொடங்கின. செல்லின் மேற்பரப்புச் சர்க்கரைச் சங்கிலிகளைப் பற்றுவதுதான் அந்தப் புரதத்தின் வேலை. வெளியே தொட்டதற்கு உள்ளே உட்கரு விழித்தது. (அதே புரதம் வேகாத ராஜ்மாவில் வாந்தி பேதியை உண்டாக்கும்; ஊறவைத்து, நீரை மாற்றி, நன்றாகக் கொதிக்கவைத்தே உண்ண வேண்டும்.)

எப்போது மருத்துவரிடம் போவது?

நெறியைத் தேய்க்கவோ அமுக்கவோ வேண்டாம். புண்ணைச் சோப்பு நீரால் கழுவி, டி.டி. ஊசி போட வேண்டுமா என்று கேளுங்கள். நெறி சிவந்து சூடேறினால் தாமதிக்காதீர்கள். வயல்நீரில் நின்றவருக்குக் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம்; அன்றே ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போங்கள். வலியே இல்லாமல் கல்லாக இறுகி, மூன்று வாரம் தாண்டியும் வளரும் நெறியையும் எடை குறைவோடு வரும் நெறியையும் கட்டாயம் பரிசோதிக்க வேண்டும்.