திரையில் ஆடையின்மை: சான்றளிப்பின் அளவுகோல்கள்

கர்நாடக மாநிலம் ஹாசன் மாவட்டத்தில், பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தொலைவில் உள்ள சிரவணபெளகொளாவில் 57 அடி உயரக் கோமதேசுவரர் சிலை நிற்கிறது. பத்தாம் நூற்றாண்டில் கங்க மன்னரின் அமைச்சர் சாமுண்டராயர் அமைத்த அச்சிலை ஆடையற்றது. குடும்பத்தினர் குழந்தைகளுடன் சென்று அதனை வணங்குகின்றனர். அங்கு ஆடையின்மை துறவின் அடையாளமாகவே கொள்ளப்படுகிறது. ஆபாசப் பொருள்களைத் தண்டிக்கும் குற்றவியல் சட்டமும் தொன்மையான நினைவுச் சின்னங்கள், கோயில்கள், தேர்கள் ஆகியவற்றில் உள்ள சிற்பங்களுக்கு விலக்கு அளித்துள்ளது.

ஆயின் ஆடையற்ற மனித உடல் திரைப்படத்திலோ தொலைக்காட்சியிலோ தோன்றும்போது நிலைமை மாறுகிறது. அதனை யார் காணலாம், எந்த அளவுக்குக் காட்டலாம் என்ற வினாக்கள் எழுகின்றன. இவ்வினாக்களுக்கு விடை காணும் பொறுப்பு சான்றளிக்கும் அமைப்பினிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளது. அவ்விடை எந்த அளவுகோலின்படி காணப்படுகிறது என்பதை மாணவரும் அரசு அலுவலரும் அறிந்திருத்தல் நலம்.

சட்டத்தின் அடிப்படை

இந்தியாவில் திரைப்படக் கட்டுப்பாடு 1918-ஆம் ஆண்டின் சட்டத்துடன் தொடங்குகிறது. சென்னை வழக்கறிஞர் திவான் பகதூர் டி. ரங்காச்சாரியார் தலைமையில் 1927-இல் அமைக்கப்பட்ட குழு, தணிக்கை உள்ளிட்ட திரைத்துறைப் பிரச்சினைகளை நாடெங்கும் சென்று ஆராய்ந்தது. விடுதலைக்குப் பின்னர் இயற்றப்பட்ட 1952-ஆம் ஆண்டின் திரைப்படச் சட்டமே இன்றும் அடிப்படையாக உள்ளது. நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு ஆகியவற்றுடன் நாகரிகம், ஒழுக்கம் ஆகியவற்றுக்கும் மாறான படங்களுக்குச் சான்றிதழ் மறுக்கலாம் என்று அச்சட்டத்தின் 5-பி பிரிவு கூறுகிறது.

1983-இல் ஒரு முக்கிய மாற்றம் நிகழ்ந்தது. அதுவரை தணிக்கை வாரியம் எனப்பட்ட அமைப்பு, மத்திய திரைப்படச் சான்றளிப்பு வாரியம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. வெட்டி நீக்குவதைக் காட்டிலும் தக்க பார்வையாளர் பிரிவுக்குப் படத்தை வகைப்படுத்துவதே முதன்மைப் பணி என்ற கருத்தை இப்புதிய பெயர் உணர்த்தியது. அனைவருக்குமான ‘யு’, வயது வந்தோருக்கான ‘ஏ’ ஆகியவற்றுடன், பெற்றோர் வழிகாட்டுதலுக்குரிய ‘யு/ஏ’, மருத்துவர் போன்ற தனிப் பிரிவினருக்கான ‘எஸ்’ ஆகிய வகைகளும் சேர்க்கப்பட்டன. 2023-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் ‘யு/ஏ’ பிரிவை 7, 13, 16 வயதுக்கு மேற்பட்டோர் என மூன்றாகப் பகுத்துள்ளது. இவ்வயது வரம்புகள் பெற்றோருக்கான அறிவுறுத்தல்களே ஆகும்.

கர்நாடகத்தின் அனுபவம்

வாரியத்தின் ஒன்பது மண்டல அலுவலகங்களுள் ஒன்று பெங்களூரில் இயங்குகிறது. கன்னடத் திரையுலகின் அனுபவம் சான்றளிப்பு முறையின் இரு முக்கியமான பிரச்சினைகளை விளக்குகிறது.

முதலாவது, ‘ஊறு விளைவிக்கக்கூடியது’ எனக் கருதப்படுவது எது என்பது. யு. ஆர். அனந்தமூர்த்தியின் நாவலை ஒட்டிப் பட்டாபிராம ரெட்டி இயக்கிய ‘சம்ஸ்காரா’ திரைப்படத்துக்குச் சென்னைத் தணிக்கை வாரியம் அனுமதி மறுத்தது. வைதிக நெறியில் நின்ற ஒருவருக்கும் தாழ்த்தப்பட்ட பெண் ஒருத்திக்கும் ஏற்படும் உறவை அப்படம் சித்திரிக்கிறது. சாதி பற்றிய அதன் கடுமையான விமரிசனம் சமூகத்தில் பதற்றத்தை உண்டாக்கும் என்ற அச்சமே தடைக்குக் காரணமாகக் கூறப்பட்டது. பின்னர்த் தடை நீங்கிப் படம் வெளிவந்தது. 1970-ஆம் ஆண்டின் சிறந்த திரைப்படத்துக்கான தேசிய விருதையும் அதுவே பெற்றது. ஒரு குழுவுக்கு ஆபத்தாகத் தோன்றிய படைப்பு மற்றொரு குழுவுக்கு நாட்டின் தலைசிறந்த படமாகத் தோன்றக்கூடும் என்பதற்கு இது தக்க சான்றாகும்.

இரண்டாவது, இறுதி முடிவு யாருடையது என்பது. வாரியத்தின் முடிவை எதிர்த்து முறையிடத் தனித் தீர்ப்பாயம் இருந்தபோதிலும், அத்தீர்ப்பாயத்தின் முடிவையும் மாற்றும் அதிகாரத்தைச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு மத்திய அரசுக்கு அளித்திருந்தது. கன்னடத் திரைப்பட இயக்குநர் கே. எம். சங்கரப்பா இதனை எதிர்த்து வழக்குத் தொடர்ந்தார். நீதித் தன்மை வாய்ந்த ஓர் அமைப்பின் முடிவை நிருவாகத் துறை மறுபரிசீலனை செய்தல் முறையன்று எனக் கர்நாடக உயர் நீதிமன்றம் 1990-இல் தீர்ப்பளித்தது. உச்ச நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டு நவம்பரில் அதனை உறுதி செய்தது. படத்துக்கு எதிர்ப்புக் கிளம்பினால் சட்டம் ஒழுங்கைக் காப்பது அரசின் கடமை. எதிர்ப்பைக் காரணம் காட்டிச் சான்றிதழைப் பறித்தல் ஆகாது என்பது அத்தீர்ப்பின் சாரம். 2021-இல் அத்தீர்ப்பாயம் கலைக்கப்பட்டது. அதுமுதல் மேல்முறையீடுகள் நேரே உயர் நீதிமன்றத்துக்குச் செல்கின்றன.

ஆடையின்மையும் ஆபாசமும்

இவ்விரு சொற்களும் ஒரு பொருளுடையன அல்ல என்பதை அறுபதுகளின் இறுதியிலேயே நீதிபதி ஜி. டி. கோஸ்லா தலைமையிலான குழு எடுத்துக் கூறியது. 1969-இல் அளித்த அறிக்கையில், கதையின் போக்குக்குத் தேவையானதாகவும் கலைநயத்துடனும் அமையுமாயின் முத்தக் காட்சியையோ ஆடையற்ற உருவத்தையோ விலக்கவேண்டியதில்லை என அக்குழு கருத்துரைத்தது.

அடுத்த ஆண்டே கே. ஏ. அப்பாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. நான்கு நகரங்களைப் பற்றிய அவரது குறும்படத்தில் பம்பாயின் விலைமாதர் பகுதி காட்டப்பட்டிருந்ததால் ‘யு’ சான்றிதழ் மறுக்கப்பட்டிருந்தது. படங்களை முன்கூட்டிப் பரிசீலிப்பது அரசியலமைப்புக்கு உட்பட்டதே என்று நீதிமன்றம் ஏற்றது. அதே வேளையில், பாலுறவும் ஆபாசமும் எப்போதும் ஒன்றாகா என்றும், கலைக்கும் சமூக உண்மைக்கும் இடமளிக்கும் வகையில் விதிகள் அமையவேண்டும் என்றும் அறிவுறுத்தியது.

இக்கொள்கை 1996-இல் மிகக் கடுமையான சோதனைக்கு உள்ளாயிற்று. சேகர் கபூர் இயக்கிய ‘பாண்டிட் குயின்’ திரைப்படத்தில் ஒரு பெண் ஆடை களையப்பட்டு, ஊரார் முன்னிலையில் கிணற்றில் நீர் இறைக்கக் கட்டாயப்படுத்தப்படுகிறாள். டெல்லி உயர் நீதிமன்றம் படத்தின் சான்றிதழை ரத்து செய்தது. உச்ச நீதிமன்றம் ‘ஏ’ சான்றிதழை மீண்டும் நிலைநாட்டியது. அக்காட்சி காண்போரின் இச்சையைத் தூண்டுவதற்காக அமைந்ததன்று. அப்பெண்ணின்பால் இரக்கத்தையும் கொடுமை இழைத்தோர்பால் அருவருப்பையும் எழுப்புவதற்காக அமைந்தது என நீதிமன்றம் விளக்கியது. படத்தை முழுமையாக நோக்கியே முடிவு செய்யவேண்டும் என்பதும் வலியுறுத்தப்பட்டது.

எனினும் அவ்வழக்கில் கேட்கப்படாத ஒரு வினாவும் உண்டு. யாருடைய வாழ்க்கையைப் படம் சித்திரித்ததோ, அந்தப் பூலான் தேவியே 1994-இல் படத்தை எதிர்த்து நீதிமன்றத்தை நாடியிருந்தார். சான்றளிப்பு முறை காண்போர் மனத்தில் விளையும் பயனையே எடைபோடுகிறது. காட்டப்படுபவரின் மானமும், நடிப்பவரின் விருப்பமும் அதன் எல்லைக்குள் நேரே வருவதில்லை. குழந்தைகளைப் பொறுத்தமட்டில், அவர்களை ஆபாசமாகச் சித்திரித்தல் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி குற்றமாகும்.

2014-இல் அவீக் சர்க்கார் வழக்கில் மற்றொரு முன்னேற்றம் ஏற்பட்டது. எளிதில் கெடக்கூடிய மனத்தைக் கெடுக்குமா என்று பார்க்கும் 1868-ஆம் ஆண்டின் ஆங்கிலேய அளவுகோலை உச்ச நீதிமன்றம் கைவிட்டது. சமகாலச் சமூகத்தின் பொதுவான மதிப்பீட்டையே அளவுகோலாகக் கொள்ளவேண்டும் என்று அது கூறியது.

பரிசீலனை நடைபெறும் முறை

முழுநீளப் படமொன்றை மண்டல அலுவலகத்தில் பரிசீலனைக் குழு பார்வையிடுகிறது. ஆலோசனைக் குழு உறுப்பினர் நால்வரும் பரிசீலனை அலுவலர் ஒருவரும் அதில் இடம்பெறுவர். அவர்களுள் இருவர் பெண்களாக இருத்தல் வேண்டும். விண்ணப்பதாரர் முடிவை ஏற்காவிடின் மறுபரிசீலனைக் குழுவை நாடலாம்.

வாரியத்தின் வழிகாட்டு நெறிகள் 1991-இல் வெளியிடப்பட்டன. பெண்களை இழிவுபடுத்தும் காட்சிகளைத் தவிர்த்தல், பாலியல் வன்முறைக் காட்சிகள் கதைக்கு இன்றியமையாதன எனினும் அவற்றை இயன்ற அளவு குறைத்தல், படத்தின் ஒட்டுமொத்த விளைவைக் கருதுதல், கதை நிகழும் காலத்தையும் மக்களையும் மனத்திற் கொள்ளுதல் ஆகியன அவற்றுள் அடங்கும்.

இந்நெறிகளையும் தீர்ப்புகளையும் இணைத்து நோக்கினால், ஆடையற்ற காட்சி ஒன்றை மதிப்பிடுவோர் கேட்கவேண்டிய வினாக்கள் தெளிவாகும். அக்காட்சி இன்றிக் கதையின் பொருள் குறைபடுமா? காமிரா துன்புறுபவரின் பக்கம் நிற்கிறதா, துன்புறுத்துவோரின் பக்கம் நிற்கிறதா? காட்சியின் நீளம் அதன் நோக்கத்துக்கு ஏற்றதா? வெட்டுவதால் தீமை குறைகிறதா, அன்றித் தீமையின் கொடுமைதான் மறைக்கப்படுகிறதா? வயதுப் பிரிவை உயர்த்துவதே போதுமானதா? இவற்றுக்குரிய விடைகளை எழுத்தில் பதிவு செய்யும் குழுவின் முடிவு மேல்முறையீட்டிலும் நிலைக்கும். ‘பொருத்தமற்றது’ என்ற ஒற்றைச் சொல்லுடன் நின்றுவிடும் முடிவு, படைப்பாளிக்கும் நீதி செய்வதில்லை. காண்போருக்கும் பயன் தருவதில்லை.

தொலைக்காட்சியும் இணையமும்

திரையரங்கின் வாயிலில் வயதைச் சோதிக்க இயலும். வீட்டுக் கூடத்தில் அது இயலாது. எனவே தொலைக்காட்சிக்குக் கடுமையான விதிகள் வகுக்கப்பட்டன. 1995-ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சிச் சட்டத்தின்கீழ் அமைந்த நிகழ்ச்சி விதித் தொகுப்பு, நாகரிகத்துக்கு மாறான நிகழ்ச்சிகளைத் தடை செய்கிறது. ‘ஏ’ சான்றிதழ் பெற்ற படத்தை உரிய மாற்றங்களுடன் தொலைக்காட்சிக்கென மீண்டும் சான்றளிக்க 2023-ஆம் ஆண்டின் திருத்தம் வழிசெய்துள்ளது.

இணையவழித் தளங்களில் வெளியாகும் தொடர்கள் வாரியத்தின் முன் வருவதில்லை. 2021-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி தளங்களே வயதுப் பிரிவைக் குறிப்பிடவேண்டும். ஆடையின்மை, வன்முறை, தகாத சொற்கள் போன்றவை இடம்பெறின் அதனைத் தொடக்கத்திலேயே தெரிவிக்கவும் வேண்டும். குழந்தைகள் காணாதவாறு பூட்டிவைக்கும் வசதியையும் அளித்தல் வேண்டும். இம்முறை, முடிவெடுக்கும் பொறுப்பின் பெரும்பகுதியைக் குடும்பத்தினிடம் சேர்த்துவிடுகிறது. அப்பொறுப்பை ஏற்கப் பெற்றோருக்கு இவ்வடையாளங்களின் பொருள் தெரிந்திருத்தல் வேண்டும். பள்ளிகளும் நூலகங்களும் மக்கள் தொடர்புத் துறையும் இத்துறையில் செய்யவேண்டிய பணி மிகுதி.

ஆடையற்ற உடலைக் கண்டவுடன் வெட்டுவதும் எளிது. கலை என்ற பெயரால் எதனையும் ஏற்பதும் எளிது. முன்னது, பெண்களும் ஒடுக்கப்பட்டோரும் உற்ற கொடுமைகளைத் திரையிலிருந்து அகற்றிவிடக்கூடும். பின்னது, அக்கொடுமையையே விற்பனைப் பொருளாக்கிவிடக்கூடும். இவ்விரண்டுக்கும் இடையே, நோக்கத்தையும் சூழலையும் ஆராய்ந்து, காரணம் கூறி முடிவெடுக்கும் வழியையே நமது நீதிமன்றங்கள் அரை நூற்றாண்டுக் காலமாகச் சுட்டி வந்துள்ளன. அவ்வழியில் நிற்பதற்குப் பயிற்சி பெற்ற உறுப்பினர்களும், எழுத்தில் அமைந்த காரணங்களும், அரசின் தலையீடற்ற சுதந்திரமும் தேவை.