மூக்கின் நரம்பணு

ஐம்புலன்களுள் மோப்பத்தை அற்பமென்று கருதுவோர் பலர். 2020-ம் வருஷத்தில் கொரோனா நோய் பரவியபொழுது, பால் திரிந்ததையும் அடுப்பில் சோறு தீய்வதையும் மூக்கால் அறியமாட்டாமல் எண்ணற்ற ஜனங்கள் திகைத்தார்கள். இழந்த பின்னரே அப்புலனின் அருமை விளங்கிற்று. விஞ்ஞானிகளோ அதற்கு வெகுகாலம் முன்னரே இவ்விஷயத்தில் பிரவேசித்திருந்தனர்.

மூக்கின் மேற்பகுதியிலுள்ள சவ்வில் வாசனை நரம்பணுக்கள் நெருங்கி நிற்கின்றன. அவற்றை உயிருடன் தனித்தனியே பிரிப்பது எளிதன்று. பரீக்ஷைக்காகக் கொல்லப்பட்ட சுண்டெலியின் சவ்வை எடுத்து, உடல்நீருக்கு ஒப்பான உப்புக் கரைசலில் இட்டு, பப்பாளிப் பாலில் கிடைக்கும் பாபெயின் போன்ற நொதியால் அணுக்களின் பிணைப்பை இளக்குகிறார்கள். பிறகு நுண்ணிய குழாயால் மெல்ல உறிஞ்சி விடுகிறார்கள். கை சற்றே கடுமையானால் வாசனையைப் பற்றும் மயிரிழைகள் அறுந்துபோம். நொதி மிகுந்தால் அணுவே மடியும்.

இத்தனை சிரமம் எதற்கு? வாசனையைப் பற்றும் ஏற்பிகளின் ஜீன் குடும்பத்தை லிண்டா பக்கும் ரிச்சர்ட் ஆக்ஸலும் 1991-ல் கண்டறிந்தனர். 2004-ல் நோபல் பரிசும் பெற்றனர். மனிதனுக்குள்ள ஏற்பி வகைகள் சுமார் 400. அவன் அறியும் வாசனைகளோ அதனினும் மிகப் பல. இஃது எங்ஙனம்? 1999-ல் பக்கின் குழுவினர், பிரித்தெடுத்த நரம்பணுக்களில் ஒளிரும் சாயத்தை ஏற்றி, எந்த அணு எவ்வாசனைக்கு இணங்குகிறதென்று கண்டனர். பின்னர் அதே அணுவை எடுத்து, அதிலிருந்த ஏற்பி இன்னதென்று அறிந்தனர். ஓர் ஏற்பி பல வாசனைகளைப் பற்றும். ஒரு வாசனையைப் பல ஏற்பிகள் பற்றும். ஏழு ஸ்வரங்கள் கூடி எண்ணிறந்த ராகங்களாவது போன்றதே இது.

அன்று இதனால் யாருக்கு என்ன லாபமென்று கேட்டிருந்தால், விடை கூறுவது கடினமாயிருந்திருக்கும். ஆனால் கொரோனாக் கிருமி முக்கியமாகத் தாக்குவது நரம்பணுக்களை அன்று, அவற்றைத் தாங்கும் துணையணுக்களையே என்று 2020-ல் தெளிவானதற்கு, அணுக்களைத் தனித்தனியே பிரித்து ஆராயும் வழக்கமே பேருதவி புரிந்தது. பலருக்கு மோப்பம் மீண்டதன் காரணமும் ஓரளவு விளங்கிற்று.

உடனே காசு தராத ஆராய்ச்சியை வீண் செலவென்று பழிப்போர் இதைச் சிந்திப்பார்களாக. வெள்ளம் வந்த பிறகு அணை கட்ட முடியாது. ஒரு பிராணியின் உயிரைக் கொண்டு பெறும் அறிவை அலக்ஷியம் செய்வதும் தர்மமாகாது என்பதே நமது அபிப்பிராயம்.