பசிக்கு ஆணையிடுவது யார்?

வேளை வந்ததும் உண்கிறோம். போதும் என்று தோன்றியதும் இலையை மடித்து எழுகிறோம். இவையெல்லாம் நம் விருப்பப்படியே நிகழ்கின்றன என்று எண்ணுகிறோம். ஆயின், ‘பசிக்கிறது’ என்னும் உணர்வும் ‘போதும்’ என்னும் உணர்வும் நாம் அழைத்து வருவன அல்ல, தாமே வருவன. அவற்றை அனுப்புவோர் யார் என்பதை மாணவ நண்பர்களாகிய உங்களுக்கு இன்று எடுத்துரைக்க விரும்புகிறேன்.

உடலில் செய்தி செல்ல இரண்டு வழிகள் உண்டு. ஒன்று நரம்பு, மற்றொன்று இரத்தம். ஓர் உறுப்பில் சுரந்து, இரத்தத்தின் வழியே சென்று, தொலைவிலுள்ள வேறோர் உறுப்பை இயக்கும் பொருள்களையே ஹார்மோன்கள் என்கிறோம். பசியைப் பற்றிய செய்திகள் சென்று சேரும் தலையாய இடம், மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைபோதலாமஸ் ஆகும். அது ஒரு பாதாம் பருப்பின் அளவே இருக்கும். எனினும், உடலின் வரவு செலவைப் பார்க்கும் கணக்குப்பிள்ளை அதுவே எனலாம்.

இந்த உண்மை வெளிப்பட்ட வரலாறு சுவையானது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில், பார் ஹார்பர் என்னும் கடலோர ஊரில் ஜாக்சன் ஆய்வுக்கூடம் இருக்கிறது. 1949ஆம் ஆண்டில் அங்கு வளர்ந்த சுண்டெலிகளுள் சில, ஓயாமல் தின்று அளவுக்கு மீறிப் பருத்தன. மரபணு ஒன்று பிறவியிலேயே பழுதுபட்டிருந்தமையே காரணம். பின்னர், பருமனோடு நீரிழிவும் கொண்ட வேறொரு வகை எலியும் அங்குத் தோன்றியது.

டக்ளஸ் கோல்மன் என்னும் அறிஞர் ஒரு சோதனை செய்தார். இரண்டு எலிகளை விலாப்புறத்தில் ஒன்றாக இணைத்து, ஒன்றன் இரத்தம் மற்றொன்றில் கலக்குமாறு செய்தார். நீரிழிவு எலியோடு இணைந்த சாதாரண எலி, உணவைத் துறந்து மெலிந்து இறந்தது. முதல்வகைப் பருத்த எலியை நீரிழிவு எலியோடு இணைத்தபோதும், அந்தப் பருத்த எலிக்கு அதே கதி நேர்ந்தது. இதிலிருந்து அவர் உய்த்துணர்ந்தது யாது? நீரிழிவு எலியின் இரத்தத்தில், ‘போதும்’ என்று சொல்லும் பொருள் மிகுதியாக இருக்கிறது. அதைக் கேட்கும் செவிதான் அதற்கு இல்லை. முதல்வகை எலிக்கோ செவி உண்டு, செய்தி இல்லை.

அப்பொருள் இன்னதென அறிய மேலும் பல ஆண்டுகள் சென்றன. 1994இல் நியூயார்க் நகரின் ராக்பெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழுவினர், பழுதுபட்ட அம்மரபணுவைக் கண்டுபிடித்தனர். அது ஆக்கும் ஹார்மோனுக்கு லெப்டின் என்று பெயர் சூட்டினர். ‘மெலிந்த’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது அப்பெயர். அது சுரக்கும் இடமே வியப்புக்குரியது. வெறும் சேமிப்புக் கிடங்கு என்று கருதப்பட்டு வந்த கொழுப்புத் திசுவே அதைச் சுரக்கிறது! தன் கையிருப்பு எவ்வளவு என்பதைக் கொழுப்பு மூளைக்கு ஓயாமல் அறிவித்து வருகிறது.

மனிதருக்கும் இது பொருந்துமா? பிறவியிலேயே லெப்டின் இல்லாத இரு குழந்தைகளைக் குறித்து, இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் அறிஞர்கள் 1997இல் எழுதினர். அவர்களுள் ஒரு சிறுமி ஒன்பது வயதில் 94 கிலோ எடை இருந்தாள். எவ்வளவு உண்டாலும் அவளுக்குப் பசி அடங்கவில்லை. நாள்தோறும் லெப்டினை ஊசி வழியே செலுத்தினர். பசி தணிந்தது, ஓராண்டில் சுமார் 16 கிலோ குறைந்தது. அவளுக்குக் குறைவாக இருந்தது மனவுறுதியன்று, ஒரு ஹார்மோன்.

லெப்டின் தனித்து இயங்குவதில்லை. இரைப்பையில் சுரக்கும் கிரெலின், உணவு வேளைக்கு முன் பெருகிப் பசியைத் தூண்டுகிறது. இந்த ஹார்மோனை 1999இல் ஜப்பானிய அறிஞர்கள் கண்டறிந்தனர். உண்டபின் குடலில் சுரக்கும் ஹார்மோன்கள் நிறைவை உணர்த்துகின்றன. கணையத்தின் இன்சுலின், சர்க்கரையைத் திசுக்களுள் செலுத்திச் சேமிக்கச் செய்கிறது. கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பியின் தைராக்ஸின், உடல் எரிபொருளைச் செலவிடும் வேகத்தை வகுக்கிறது.

பருமனுடையோர் எல்லாருக்கும் லெப்டின் ஊசி போட்டால் போதாதோ என்று நீங்கள் கேட்கலாம். போதாது. அவர்களுள் மிகப் பெரும்பாலோர்க்கு லெப்டின் குறைவாக இல்லை, மிகுதியாகவே இருக்கிறது. மூளையின் செவிதான் மந்தப்பட்டிருக்கிறது. மேலும், பட்டினி கிடந்து எடையைக் குறைத்தால் லெப்டின் குறைகிறது. உடனே மூளை பஞ்சம் வந்ததாகக் கருதிப் பசியை வளர்க்கிறது, செலவைச் சுருக்குகிறது. பஞ்ச காலத்தில் உயிர் காக்கும் இவ்வேற்பாடே, இளைக்க முயல்வோர்க்கு இடையூறாகிறது. அதனால் முயற்சி வீண் என்பதில்லை. அளவறிந்து உண்பதும் ஓடியாடி விளையாடுவதும் என்றும் நன்மையே தரும். ஆயினும், அம்முயற்சி எல்லார்க்கும் ஒரேயளவு எளிதன்று.

நெடுங்காலம் பள்ளியில் பணியாற்றியவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். வகுப்பில் சற்றுப் பருத்த பிள்ளையைச் ‘சாப்பாட்டு ராமன்’ என்று அழைத்து நகைப்பது வழக்கமாக இருக்கிறது. நகைப்பவர்க்கு அது விளையாட்டு. கேட்பவர்க்கோ உணவு வேளைதோறும் உறுத்தும் முள். அந்தப் பிள்ளையின் உடலுக்குள் எச்செய்தி செல்கிறது, எது செல்லவில்லை என்பதை வெளியிலிருந்து பார்த்து எவராலும் கூற இயலாது. அதை அறிய மருத்துவர் இருக்கிறார். உடன் அமர்ந்து உண்ணும் தோழமையையாவது நாம் அளிப்போமாக.