ஜமக்காளம் மங்குவது ஏன்?

மன்னார் வளைகுடாவின் கரையில், பூவேந்தியநாதர் கோயிலால் பெயர் பெற்ற மாரியூரிலும், அதையடுத்த சாயல்குடி, வாலிநோக்கம் முதலிய ஊர்களிலும், ஐப்பசி பிறந்து வாடைக் காற்று வீசத் தொடங்கியதும், அதுவரை ஒருவாறு வண்ணம் குன்றாதிருந்த பவானி ஜமக்காளமும், கூடத்தில் விரித்த பனையோலைப் பாயும், கலியாணச் சீராக வந்த பத்தமடைக் கோரைப்பாயும் பிசுபிசுத்துப் பழுப்பேறிவிடுவதை வீட்டுப் பெண்மணிகள் யாவரும் அறிவர். மழைக்காலத்துச் சேற்றுக் காலே காரணம் என்று குழந்தைகளை வைவதும் வழக்கம். ஆனால் யார் காலும் படாமல் சுருட்டிச் சார்த்திய பாயும் அவ்வாறே மங்குகிறதே, அதற்கு எந்தக் குழந்தையைக் குறை கூறுவது? மெய்யான காரணம் உப்பு. அதுவும் மழையோடு வந்த உப்பன்று, ஆனி ஆடியிலேயே வீட்டுக்குள் குடிபுகுந்துவிட்ட உப்பு.

கச்சான் என்று கடற்கரையார் சொல்லும் தென்மேற்குக் காற்று பலக்கும் அம்மாதங்களில், இக்கரையின் அலைகள் உடையுந்தோறும் நுரையிலுள்ள கோடானுகோடிக் குமிழிகள் வெடித்துக் கண்ணுக்குப் புலப்படாத துளிகளை ஆகாயத்தில் எறிகின்றன. அத்துளிகளிலுள்ள நீர் வெயிலில் ஆவியாகிவிட, எஞ்சிய உப்புத் துகள் காற்றிலேறி ஜன்னல் வழியே நுழைந்து, துணியின் இழைகளிலும் பாயின் பின்னலிலும் படிகிறது. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. அதில் முக்காற்பங்குக்கு மேல் நாம் உணவில் சேர்க்கும் சோடியம் குளோரைடு. எஞ்சியதில் மக்னீசிய உப்புக்களே பெரும்பகுதி.

இவ்விரண்டும் ஈரத்தை இழுக்கும் சுபாவமுடையவை. ஆயினும் ஒரே அளவிலல்ல. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால்தான் தூய சோடியம் குளோரைடு நீரை உறிஞ்சித் தானே கரையத் தொடங்கும். மக்னீசியம் குளோரைடோ 33 விழுக்காட்டிலேயே கரைந்துவிடும். வாலிநோக்கத்து உப்பளங்களில் உப்பு விளைந்த பின் எஞ்சும் கசப்பு நீரை வடித்து வெளியேற்றுவதும் இதனாலேதான். அதில் திரண்டிருக்கும் மக்னீசியம் உப்போடு ஒட்டிக்கொண்டால் மூட்டை எந்நாளும் கசிந்தபடியே இருக்கும். நம் வீட்டு ஜமக்காளத்திலோ கடலுப்பு முழுதாகவே படிகிறது, கசப்பை வடிப்பார் இல்லை. கோடையின் பகல் வெப்பத்தில் பெரும்பங்கு உலர்ந்து கிடக்கும் அவ்வுப்பு, மழை நாட்களில் இரவும் பகலும் ஈரப்பதம் உயர்ந்தே நிற்கும்போது நெகிழ்ந்து, ஒவ்வோர் இழையின்மீதும் பசைபோல் பரவுகிறது. அதன்பின் அடுப்புப் புகையின் கரியும், தெருப்புழுதியும், உடம்பின் எண்ணெயும் எங்கே போய் ஒட்டும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பனைமட்டையும் காய்ந்த ஓலையும் எரியும் வீடுகளில், வெளியடுப்பு மழைக்கு அஞ்சி உள்ளே வரும் காலமும் இதுவே என்பதையும் சேர்த்து எண்ணிப் பார்க்கவேண்டும்.

பருத்தியும் கோரையும் ஓலையும் செல்லுலோஸ் என்னும் பதார்த்தத்தாலானவை; அதுவும் தன் பங்குக்கு ஈரத்தை ஏற்கும். உப்பும் இழையும் சேர்ந்து இவ்வாறு ஈரத்தை வளர்த்துவிட்டால், அடுத்து வருவது பூஞ்சணம். அதன் கரும்புள்ளி மேலே படிந்த அழுக்கன்று. இழைக்குள் புகுந்து வளர்ந்த உயிரின் நிறம். ஆகையால் எத்தனை தேய்த்தாலும் அது முற்றும் நீங்குவதில்லை.

பனி பொழியும் மேனாடுகளிலும் குளிர்காலத்தில் கம்பளங்கள் மங்குவதாகக் குறைப்படுகிறார்கள் என்பதும், அங்கேயும் குற்றவாளிகளில் ஒன்று உப்பே என்பதும் சுவையான ஒற்றுமை. பாதையில் உறையும் பனிக்கட்டியை உருக்கப் பாறையுப்பையும் கால்சியம் குளோரைடையும் தூவுகிறார்கள். அது செருப்படியில் ஒட்டி வீட்டுக்குள் வந்து, மேற்சொன்ன வேலையையே செய்கிறது. அவர்கள் காசு கொடுத்துத் தூவுவதை நமக்குக் கடல் இலவசமாய்த் தூவுகிறது.

இனிப் பரிகாரம். தூசியென்று எண்ணித் துடைப்பத்தால் கூட்டியும் தட்டியும் மட்டும் விட்டால் உலர்ந்த புழுதி போகும், உப்புப் போகாது. சவர்க்காரத்தை முதலிலேயே தேய்ப்பது அதைவிடப் பிசகு, ஏனெனில் படிந்த கடலுப்பிலும் சவர்நீரிலும் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சவர்க்காரத்தோடு கூடிக் கரையாத பசையாகத் திரிந்து, அழுக்கின்மேல் இன்னோர் அழுக்காய்ப் படியும். உப்புக்கு நல்ல நீரே போதுமான மருந்து. நூறு மில்லி நீர் 36 கிராம் வரை கரைத்துக்கொள்ளும். ஆகவே புரட்டாசி கடைசியில், வெயில் இருக்கும்போதே, ஜமக்காளத்தை நன்றாக உதறித் தட்டி, நல்ல நீரில் இருமுறை அலசி, அதன் பின்னரே வேண்டுமானால் சவர்க்காரம் இட்டு, மீண்டும் அலசி, சாயம் வெளுக்காதபடி அடிப்புறம் மேலாக வெயிலில் உலர்த்தவேண்டும். உப்பு நீங்கியதா என்றறிய, கடைசி அலசலின் நீரில் ஒரு துளியை இரும்புச் சட்டியின் கரிய முதுகில் காயவிட்டால் போதும். வெள்ளைப் படலம் தோன்றினால் இன்னும் ஒருமுறை அலசல் பாக்கியுண்டு.

நல்ல நீர்க் குடத்துக்குக் காசு எண்ணும் சீமையில் இவ்வாறு யோசனை கூறுவது எளிது, செய்வது சிரமம் என்பதை நான் மறுக்கவில்லை. புரட்டாசியில் அவ்வளவு நீருக்கு வழியில்லாதவர், ஐப்பசியில் கூரையிலிருந்து வழியும் மழைநீரைப் பிடித்து, இடையே வெளுக்கும் ஒரு வெயில் நாளில் இவ்வேலையை முடித்துக்கொள்ளலாம். மழைநீர்ச் சேகரிப்பு 2003-இல் தமிழகமெங்கும் கட்டாயமாக்கப்பட்டபின் பல வீடுகளில் குழாயும் தொட்டியும் அமைந்தன. ஆனால் முதல் மழையைப் பிடிக்கலாகாது. கோடை முழுதும் கூரையில் படிந்த உப்பைக் கழுவிக்கொண்டு வருவது அதுவே. இரண்டாம் மூன்றாம் மழையின் நீர் சலவைக்கு மிக உகந்தது, சவர்க்காரமும் சிக்கனமாகும்.

கோரைப்பாயை இவ்வாறு முக்கி அலசலாகாது. நல்ல நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் பின்னலின் போக்கிலேயே துடைத்து, காற்றாட நிழலில் உலர்த்திச் சுருட்டவேண்டும். சுருட்டியதைச் சுவரில் சார்த்தாமல் பரணில் ஏற்றுவது நல்லது. கடல்மணலும் சவர்நீரும் கலந்து எழுப்பிய சுவர் தானே உப்புக் கக்கும், தொட்ட பாய்க்கும் அதைத் தரும். தரையின் ஈரம் ஜமக்காளத்துக்கு நேரே ஏறாதபடி அடியில் ஓர் ஓலைப்பாயை விரிப்பதும் பிரயோஜனமானது. கரும்புள்ளி கண்டுவிட்ட பாயை வீட்டிலுள்ள மற்றப் பாய்களோடு சேர்த்துச் சுருட்டாமல் வெளித்திண்ணைக்கு ஒதுக்கிவிடுவதே உசிதம். அதிலிருந்து உதிரும் வித்துக்கள் அடுத்த பாயில் ஈரம் கண்டால் அங்கேயும் முளைக்கும்.